கணினி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினியில் 'சி' டிரைவ் நிரம்பிச் சிவப்பு நிறம் காட்டியதால், குடும்பப் படங்களையும் பல ஆண்டுகளாகத் தயாரித்த வினாத்தாள்களையும் 'டி' டிரைவுக்கு மாற்றிவிட்டேன். இனி அவை பாதுகாப்பாக இருக்கும்தானே?
– ஆசிரியை ஒருவர், தலவாக்கலை

பதில்: இடநெருக்கடி தீர்ந்திருக்கும், பாதுகாப்பு வந்துவிடவில்லை. பல வீட்டுக் கணினிகளில் 'சி', 'டி' இரண்டும் ஒரே வன்தட்டின் இரு பகுதிகளே. முன் காம்பராச் சாமான்களைப் பின் காம்பராவுக்கு மாற்றியிருக்கிறீர்கள், கூரை ஒன்றுதான்.

யூ.எஸ்.பி.யில் இணைக்கும் தனி வன்தட்டு ஒன்றை வாங்கி, கோப்புகளை 'கட்' செய்யாமல் 'கொப்பி' செய்து, அவற்றுள் சிலவற்றை அந்த வன்தட்டிலிருந்தே திறந்து பாருங்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் மலைகளில் பிற்பகல் இடிமின்னல் வழக்கமானது என்பதால், மின்கம்பி வழியே வரும் அதிர்வு கணினியைத் தாக்கினால், அதனோடு இணைந்திருக்கும் வன்தட்டும் சேர்ந்தே பழுதாகலாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும் இணைந்திருப்பதை விட்டுவைக்காது. பனியும் ஈரமும் படாதபடி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள்.

அதே வீட்டில் இருக்கும் ஒரு பிரதியை மட்டும் நான் நம்பமாட்டேன். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை மின்னஞ்சலும் படங்களும் பங்கிட்டுக்கொள்வதால், அளவில் சிறிய வினாத்தாள்களை அங்கே ஏற்றலாம். படங்களை ஏற்றினால் டேட்டா கரைந்துவிடும் என்பதால், அவற்றின் இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பதே மேல்.

இவ்வளவும் முடிந்த பிறகே துப்புரவு. விண்டோஸ் அமைப்புகளில் 'சேமிப்பகம்' பகுதிக்குச் சென்று தற்காலிகக் கோப்புகளை அழிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் 'பதிவிறக்கங்கள்' கோப்புறையும் இருக்கும். அதைத் தெரிவுசெய்தால் நீங்கள் இறக்கி வைத்த பாடத்திட்டங்களும் போய்விடும். 'விண்டோஸ்' என்ற கோப்புறைக்குள் மட்டும் கைவைக்காதீர்கள்.

கேள்வி: 500 ஜிபி என்று வாங்கிய வன்தட்டு 465 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024 ஆகக் கணக்கிடுகிறது. அளவு ஒன்றுதான், படி வேறு.