ஓட்டு வயது வராதவர்கள் ப்ரோ-லைஃப் (கருக்கலைப்பை எதிர்க்கும்) பக்கம் என்ன செய்யலாம்? அமெரிக்கத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கான கேள்வி பதில்

ஒஹாயோ, 17 வயது மாணவி: ஐயா, எனக்கு ஓட்டே இல்லை. தேர்தலில் நான் என்ன செய்துவிட முடியும்?

முதலில் உனக்கு ஓட்டு இல்லைதானா என்று பாரும்மா. நவம்பர் தேர்தல் நாளுக்குள் 18 ஆகிவிடும் என்றால், ஒஹாயோவில் 17 வயதிலேயே பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், வாக்களிக்கலாம். 30 நாளுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மட்டுமே அந்த ஓட்டு. அதே சீட்டில் ஏதாவது திருத்தமோ வரிக் கேள்வியோ இருந்தால் அதற்கு நீ வாக்களிக்க முடியாது. வர்ஜீனியா, மேரிலாந்து, இல்லினாய், இண்டியானா, கென்டக்கி, வட கரோலைனாவிலும் 17 வயதுக்காரர்களுக்கு பிரைமரி உண்டு.

2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய 1973-ன் ரோ தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அதிலிருந்து கருக்கலைப்புச் சட்டம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில். அதனால் ஜனாதிபதி தேர்தலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே. மாநில சட்டமன்றத் தேர்தல், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதித் தேர்தல், அரசியல் சாசனத் திருத்த வாக்கெடுப்பு, இந்த மூன்றிலும்தான் வாலண்டியர் பஞ்சம்.

நியூ ஜெர்சி, ஒரு தகப்பன்: நாங்கள் எச்-1பி வேலை விசாவில், மகன் அதைச் சார்ந்த எச்-4 விசாவில், வயது 16. அவன் பிரச்சாரத்துக்குப் போகலாமா?

போகலாம், சம்பளம் வாங்காமல். கதவு தட்டலாம், போன் செய்யலாம், கவர் ஒட்டலாம். பணத்தை எங்கே செலவழிப்பது, யாரை நிறுத்துவது போன்ற முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவன் இருக்கக் கூடாது.

நன்கொடை ஒரு டாலர்கூடக் கூடாது. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் எந்த மட்டத் தேர்தலிலும் வேட்பாளருக்குப் பணம் தரக் கூடாது என்பது மத்திய அரசுச் சட்டம். வேட்பாளர் விற்கும் டி-ஷர்ட்டை வாங்கினாலும் அந்த விலை நன்கொடையாகத்தான் கணக்கில் ஏறும். அது பலருக்குத் தெரிவதில்லை. வாக்கெடுப்புப் பிரச்சாரங்களுக்கும் ஒஹாயோ 2024-ல் இப்படித் தடை போட்டது.

இதைவிட ஆபத்தான இடம் இன்னொன்று. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதோ பள்ளியில் வாக்காளர் பதிவு முகாம் நடக்கும்போதோ "நான் குடிமகன்" என்ற கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்துவிடுவது. பின்னால் கிரீன் கார்டு மனுவையே அது கவிழ்த்துவிடும். மகனிடம் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

டெக்சஸ், யூத் குரூப் தலைவர்: பிள்ளைகளைக் கதவு தட்ட அனுப்புகிறோம். எப்படிச் செய்வது, பிரதர்?

இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் கார் வைத்திருக்கும் ஒரு பெரியவர் வேண்டும். சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை, வார நாளில் 5 மணி முதல் இருட்டும் வரை நல்ல நேரம். மூன்று மணி நேரத்தில் ஒரு ஜோடி 40 முதல் 60 கதவு தட்டலாம்; பாதிக்கு மேல் திறக்காது. தண்ணீர், சார்ஜர், பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதித் தாள் கூடவே இருக்கட்டும்.

பேச்சு அரை நிமிடம் போதும். பெயர், எந்த அமைப்பு, ஒரே ஒரு கேள்வி, நன்றி. வேதாகமப் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: எதிர்க்கருத்து சொன்னவரிடம் பத்து நிமிடம் வாதாடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில், நம் பக்கம் இருந்தும் ஓட்டுப் போடச் சோம்பல்படும் நாலு பேரைப் பார்த்திருக்கலாம். நம்மோடு ஒத்துப்போகிறவரை வாக்குச்சாவடிக்கு வரவைப்பதுதான் இந்த வேலை. மனமாற்றத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு, ஒவ்வொரு வீட்டின் பதிலையும் போன் ஆப்பில் குறிப்பது. ஒருவர் மரியாதையாகச் சிரித்தாரே என்று "ஆதரவாளர்" எனப் போட்டுவிடுவார்கள். தேர்தல் நாளன்று அந்தப் பட்டியலை வைத்துத்தான் நினைவூட்டும் போன் போகும். எதிரணிக்காரரை நாமே எழுப்பி அனுப்பினதாக ஆகும். நிச்சயமில்லை என்றால் "முடிவு செய்யவில்லை" என்றே குறிக்கச் சொல்லுங்கள்.

நோட்டீஸைக் கதவுப் பிடியில் மாட்டலாம். தபால் பெட்டிக்குள் போடக் கூடாது. தபால்தலை இல்லாத தாளை அதில் போடுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். ஊர் நிர்வாகம் "பர்மிட் வாங்கு" என்றால், ஒஹாயோவின் ஸ்ட்ராட்டன் கிராமத்தின் மீது யெகோவா சாட்சிகள் தொடுத்து 2002-ல் ஜெயித்த உச்ச நீதிமன்ற வழக்கு இருக்கிறது. இப்படிப்பட்ட பேச்சுக்காகக் கதவு தட்ட முன்அனுமதி தேவையில்லை. ஆனால் வீட்டுக்காரரே "கதவு தட்டாதீர்கள்" என்று பலகை மாட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கேன்சஸ், 16 வயது மாணவன்: "எஸ்" போடச் சொல்வதா, "நோ" போடச் சொல்வதா? ஒவ்வொரு முறையும் குழம்புகிறது அண்ணா.

குழம்பத்தான் செய்யும் தம்பி. உங்கள் மாநிலத்தில் 2022 ஆகஸ்டில், மாநில சாசனத்தில் கருக்கலைப்பு உரிமை இல்லை என்றாக்கும் திருத்தத்துக்கு ப்ரோ-லைஃப் ஓட்டு "எஸ்", தோற்றது. ஒஹாயோவில் 2023 ஆகஸ்டில் "இஷ்யூ 1" வந்தது, திருத்தங்கள் நிறைவேற 60 சதவீதம் தேவை என்றாக்க; நம் பக்கம் "எஸ்". மூன்றே மாதத்தில் நவம்பரில் அதே "இஷ்யூ 1" என்ற பெயரில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம்; இப்போது "நோ". இரண்டிலும் நம் பக்கம் தோற்றது. நெப்ராஸ்காவில் 2024-ல் ஒரே சீட்டில் இரண்டு: கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் 434-க்கு "எஸ்", அதை உரிமையாக்கும் 439-க்கு "நோ".

ஆகவே எண்ணை மட்டும் சொல்லாதே. தேர்தல் தேதி, எண், எந்தப் பதில் என்று மூன்றையும் சேர்த்தே சொல். மாநிலச் செயலரின் தளத்தில் மாதிரி வாக்குச்சீட்டு இருக்கும். அதை அச்செடுத்து முழு வாசகத்தையும் படி. எத்தனை சதவீதம் தேவை என்பதையும் தெரிந்துகொள். ஃபுளோரிடாவின் 2024 கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 57 சதவீதம் வாங்கியும் 60 எட்டாததால் விழுந்தது.

இல்லினாய், பங்கு இளைஞர் குழு: எங்கள் குழுவின் பெயரில் ஒரு வேட்பாளரை ஆதரிக்கலாமா?

வேண்டாம். வரிவிலக்கு பெற்ற ஆலயம் வேட்பாளருக்காகப் பிரச்சாரம் செய்ய 1954 முதல் தடை. ஆலய மின்னஞ்சல் பட்டியல், பிரிண்டர், பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் எதுவும் அந்த வேலைக்குப் போகக் கூடாது. கருக்கலைப்பைப் பற்றிப் போதிக்கலாம்; திருத்த வாக்கெடுப்பில் நிலைப்பாடு எடுப்பதும் அளவோடு இருந்தால் சரி. வேட்பாளருக்கு வேலை செய்ய ஆசையா? தனி ஆட்களாக அவருடைய அலுவலகத்துக்கே போய்ப் பெயர் கொடுங்கள்.

ஜார்ஜியா, ஒரு தாய்: இது கடைசியில் ரிபப்ளிகன் கட்சி வேலையாகிவிடாதா, பிரதர்?

ஆகவேண்டியதில்லை, சிஸ்டர். 2019-ல் லூசியானாவில் இதயத்துடிப்புச் சட்டத்தில் (கருவின் இதயத்துடிப்பு தெரிந்தபின் கருக்கலைப்புக்குத் தடை) கையெழுத்திட்ட ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் டெமாக்ரட். மறுபக்கம், 2024-ல் ரிபப்ளிகன் கட்சியின் கொள்கை அறிக்கை நாடு தழுவிய தடையைக் கோராமல் மாநிலங்களிடம் விட்டுவிட்டது. ஆகவே கட்சிச் சின்னத்தை நம்பாமல், வேட்பாளர் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று சட்டமன்றத் தளத்தில் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கான மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), தத்தெடுப்பு பற்றியும் கேளுங்கள். என் பார்வையில் அதைக் கேட்காத ப்ரோ-லைஃப் பாதிதான்.

பள்ளியில் ப்ரோ-லைஃப் கிளப் தொடங்க விடமாட்டேன் என்கிறார்கள்.

அரசுப் பள்ளியா? பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரு கிளப்பையாவது அனுமதித்திருந்தால், 1984-ன் சம அனுமதிச் சட்டப்படி உங்களுடையதையும் அனுமதிக்க வேண்டும். மாணவர்களே தொடங்கி மாணவர்களே நடத்த வேண்டும். பாஸ்டர் வாராவாரம் வந்து நடத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தனியார் பள்ளிக்கு இது பொருந்தாது.

தேர்தல் நாளன்று என்ன செய்யலாம்?

பல மாநிலங்களில் 16, 17 வயதுக்காரர்களும் வாக்குச்சாவடிப் பணியாளராகலாம்; ஆனால் அன்று வாயைத் திறந்து எந்தப் பக்கமும் பேசக் கூடாது. வெளியே நோட்டீஸ் கொடுப்பதென்றால் வாக்குச்சாவடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது முக்கியம்: டெக்சஸ், ஒஹாயோவில் 100 அடி, ஃபுளோரிடாவில் 150, லூசியானாவில் 600. அயலாரின் தபால் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள்; பல மாநிலங்களில் அது குற்றம். சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பெற்றோரை அனுப்பி வையுங்கள்; அதற்குப் பயிற்சியும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.