குதிப்பது இருக்கட்டும், இறங்கத் தெரியுமா? இளம் வாலிபால் வீரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. எடைப் பயிற்சி செய்தால் உயரம் நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: நிற்காது. பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்து சொல்லிக்கொடுத்தால் தாராளமாகச் செய்யலாம். முதல் இரண்டு மாதம் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து மடக்கித் தாழ்வது), புஷ்-அப், பிளாங்க் (முன்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது) போதும். 12, 15 முறை வடிவம் கெடாமல் வந்த பிறகு டம்பெல். அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்ற பரீட்சை மட்டும் இந்த வயதில் வேண்டாம்.

கேள்வி: வயது 15, ஸ்பைக்கர் (எம்பி, பந்தை எதிரணிப் பக்கம் ஓங்கி அடிப்பவர்). குதிக்கும் உயரத்தைக் கூட்ட, வீடியோ பார்த்து, கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு தினமும் 300 முறை குதிக்கிறேன். உயரம் கூடவில்லை. முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது. எண்ணிக்கையை இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்டுவதா? இன்றே நிறுத்துங்கள். இதே கடிதம் வேறு வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

உங்கள் வயதில் எலும்பு வேகமாக நீளும். தசையும் தசைநாணும் பின்னாலேதான் வரும். முழங்கால் சில்லிலிருந்து இறங்கும் தசைநாண் கால் எலும்பில் ஒட்டும் இடம் இன்னும் முழுதாக இறுகவில்லை. ஒவ்வொரு குதிப்பும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. முழங்காலுக்குக் கீழே அங்கே இருக்கும் எலும்பு மேட்டை அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்கிற, வளரும் வயதில் வரும் முழங்கால் கோளாறாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வலியோடு குதிக்காதீர்கள்.

குதிப்புப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் 48 மணி நேரம் ஓய்வு, ஒரு நாளைக்கு 60, 80 குதிப்பு. இதற்கு மேல் ஆரம்பநிலையில் தேவையில்லை. பயிற்சி ஆட்டத்தில் அடிக்கும் ஸ்பைக், போடும் பிளாக் (வலையருகே எம்பிக் கையால் பந்தைத் தடுப்பது) எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இதைத்தான் யாரும் எண்ணுவதில்லை! கணுக்கால் எடையைக் கழற்றிவிடுங்கள். அது குதிக்கும் நேரக்கணக்கைக் கெடுக்கும். உயரம் வேண்டுமென்றால் தொடையிலும் பின்புறத்திலும் வலு ஏற்றுங்கள்.

அப்புறம், தரையிறங்குவதை முன்னாலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு பாதமும் சேர்ந்து இறங்குகின்றனவா, முழங்கால் உள்ளே சாய்கிறதா, சத்தம் பெரிதாகக் கேட்கிறதா? சத்தமில்லாமல் இறங்க வராதவர் பெட்டி மேலிருந்து குதிக்கவே கூடாது.

பயிற்சியாளர்களுக்கும் சொல்கிறேன்: சர்வ் வலையில் விழுந்ததற்குத் தண்டனையாக நூறு தவளைத் தாவல் கொடுப்பதை விடுங்கள். அதனால் சர்வ் திருந்தாது, முழங்கால்தான் கெடும்.

கேள்வி: ஸ்டாமினாவுக்குத் தினமும் 5 கிலோமீட்டர் ஓடலாமா?

பதில்: உங்கள் ஆட்டத்தில் யாராவது 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறார்களா? பெரும்பாலான ராலி (சர்வ் போட்டதிலிருந்து புள்ளி முடியும்வரை நடக்கும் ஆட்டம்) பத்து விநாடிக்குள் முடிந்துவிடும், பிறகு அதைவிட நீண்ட இடைவெளி. அதையே பழகுங்கள்: 9 மீட்டருக்குள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் 8 விநாடி முழு வேகம், 25 விநாடி ஓய்வு, எட்டு தடவை. இரண்டு செட். வாரம் ஒருமுறை மெதுவாக ஓடினால் தப்பில்லை.

கேள்வி: தோள் வலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: கடிதமே இவ்வளவுதான். வயது என்ன, எத்தனை நாளாக, எந்தப் பக்கம், அடிக்கும்போதா அடித்த பிறகா? எதுவும் எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? வலி அடங்கும்வரை ஸ்பைக்கும் ஜம்ப் சர்வும் வேண்டாம். இரவில் வலித்தாலோ, கை மேலே தூக்க வராவிட்டாலோ பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். வலி இல்லாத மற்றவர்கள் ரப்பர் பேண்டை வைத்து முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியை வாரம் மூன்று நாள் செய்யுங்கள்.

கேள்வி: ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு தசையையும் ஒரு நிமிடம் இழுத்துப் பிடிக்கலாமா?

பதில்: அது ஆட்டம் முடிந்த பிறகு. முன்னால், அசைந்தபடி செய்யும் வார்ம்-அப்.

கேள்வி: பிளாக்கில் எதிரணிக்காரர் காலில் மிதித்துக் கணுக்கால் சுளுக்கியது. வீக்கம் வடிந்துவிட்டது. ஆட்டத்தில் இறங்கலாமா?

பதில்: வீக்கம் வடிந்தால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. கண்ணை மூடி அந்த ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். அதே காலில் பத்து முறை தாவுங்கள். மற்ற காலைப் போலவே வந்தால், முதலில் பாஸ், பிறகு ஸ்பைக், கடைசியாக பிளாக். வராவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பதைத் தினமும் பழகுங்கள். வலியோடு குதிக்காதீர்கள்.

கேள்வி: நான் லிபரோ (பின்வரிசையில் தற்காப்புக்கு மட்டும் ஆடுபவர்). எனக்கும் குதிப்புப் பயிற்சி தேவையா?

பதில்: கொஞ்சம் போதும். பிளாக் உங்களுக்கு விதியிலேயே இல்லை. தாழ்ந்த நிலையில் பக்கவாட்டு அடியெடுப்புக்கும், பாய்ந்து விழுந்து உடனே எழுவதற்கும் அந்த நேரத்தைக் கொடுங்கள்.