துருக்கியில் முதுகலை படிக்கப் போகிறேன். ஒரே வருடத்தில் துருக்கி மொழி கற்றுப் பாடம் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும். எனக்குப் பத்து மாதம் ஆனது. நடுவில் ஒரு நிலையில் பெயிலாகி அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்ததும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

துருக்கி அரசின் உதவித்தொகை கிடைத்துவிட்டது, மூன்று மாதமாக ஒரு செயலியில் படிக்கிறேன், முந்நூறு சொற்கள் தெரியும், ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செயலி ஆங்கிலம் வழியாகத்தானே சொல்லிக்கொடுக்கிறது? கோளாறு அங்கேதான் இருக்கிறது. நானும் அப்படித்தான் கிளம்பிப் போனேன்.

நான் அங்காராவில் வரலாறு படித்தவன். முதல் வருடம் முழுக்க மொழி மட்டும்தான். அந்த வருடத்துக்கு ஹாஸுர்லுக் என்று பெயர். ஹாஸுர் என்றால் தயார். நம் ஊர்க் கோர்ட்டில் 'ஆஜர்' என்கிறோமே, இரண்டுக்கும் மூலம் ஒரே அரபுச் சொல். வகுப்பு நடக்கும் இடத்தைத் தோமெர் என்பார்கள். 1984-இல் அங்காரா பல்கலைக்கழகம் தொடங்கிய மொழி மையத்தின் பெயர் அது. இப்போது எந்தப் பல்கலைக்கழக வகுப்புக்குப் போனாலும் மாணவர்கள் வாயில் அது தோமெர்தான். ஏ1-இல் தொடங்கி சி1 வரை ஐந்து படிகள். எங்களுக்குக் காலை 9 மணி முதல் 1 மணி வரை, வாரத்துக்கு ஐந்து நாள். துர்க்மெனிஸ்தானிலிருந்து வந்தவர் முதல் வாரமே ஆசிரியரிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். கசாக், உஸ்பெக் மாணவர்களும் தாய்மொழியின் தங்கையைப் படிக்கிற சுகத்தில் இருந்தார்கள். சோமாலியாக்காரர், இந்தோனேசியப் பெண், நான், மூவரும் கடைசி பெஞ்ச்.

பி1 ஆரம்பத்தில் ஒரு நாள் ஆசிரியை பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்: 'யாமுர் யாஜாக் தியே ஷெம்சியே ஆல்தும்.' இதில் வரும் 'தியே' என்ற ஒற்றைச் சொல்லுக்கு என் ஆங்கிலக் குறிப்பில் அரைப் பக்க விளக்கம் இருந்தது. காரணம், நோக்கம், நினைப்பு, மேற்கோள் என்று நாலைந்து பயன்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நான், ஏதோ தோன்றி ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழை எழுதிப் பார்த்தேன். யாமுர், மழை. யாஜாக், பெய்யும். தியே, என்று. ஷெம்சியே, குடை. ஆல்தும், எடுத்தேன். மழை பெய்யும் என்று குடை எடுத்தேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 'என்' என்ற சொல்லடியிலிருந்து நமக்கு 'என்று' வந்த மாதிரியே, சொல்லுதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்ததுதான் தியேயும். அரைப் பக்க விளக்கத்தை அன்றைக்கே அடித்துவிட்டேன்.

அப்புறம் திறந்த இடமெல்லாம் அதே கதைதான். 'கெல்தி' என்றால் வந்தான், 'கெல்தி மி?' என்றால் வந்தானா? 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். நேரில் பார்க்காமல் கேள்விப்பட்டதைச் சொல்லும் அந்த 'ஆம்' நமக்கு நாக்கிலேயே இருக்கிறது. ஐரோப்பிய மாணவர்கள் இதற்கு இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 'துன் கெலென் ஆதாம்' என்றால் நேற்று வந்த ஆள். எச்சம் முன்னால், பெயர் பின்னால், 'யார் எவரோ அவர்' என்று சுற்றி வளைக்கும் வேலை கிடையாது. 'கிதாப் மிதாப்' என்றால் என்ன என்று ஆசிரியை கேட்டபோது, புத்தகம் கித்தகம் என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். பெயரோடு பன்மை, பன்மையோடு வேற்றுமை என்று ஒட்டிக்கொண்டே போவதும் அப்படித்தான்: எவ் என்றால் வீடு, எவ்லெர் வீடுகள், எவ்லெர்தென் வீடுகளிலிருந்து. (19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இந்த மாதிரி ஒற்றுமைகளைப் பார்த்துத் திராவிட மொழிகளுக்கும் துருக்கி வகை மொழிகளுக்கும் உறவு இருக்கலாம் என்று நினைத்தார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, ஒத்தாசை இருக்கிறதே.)

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: சொல்லுக்குப் பொருள் தேட ஆங்கில அகராதி இருக்கட்டும், வாக்கியத்தைத் தமிழில் வைத்துப் படியுங்கள். ஒரு நோட்டு போட்டு, துருக்கி வாக்கியத்துக்குக் கீழே நாம் பேசுகிற தமிழை எழுதுங்கள். மூன்று மாதத்தில் வராத சொந்த வாக்கியம் அதில் வந்துவிடும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. 'எங்கள் வீடுகளில்' என்பதில் அந்த 'எங்கள்' நமக்கு முன்னால் நிற்கும். அவர்களுக்கு அது சொல்லின் வயிற்றுக்குள் போய்விடும். 'அலியின் வீடு' என்றால் அலிக்கும் ஒரு ஒட்டு, வீட்டுக்கும் ஒரு ஒட்டு. இந்த இரண்டாவது ஒட்டை விட்டுவிட்டு நான் இழந்த மதிப்பெண்ணுக்குக் கணக்கில்லை. உயிர் எழுத்துகள் ஒன்றையொன்று அனுசரித்துப் போகவேண்டும் என்ற விதிக்குப் பலரும் பயப்படுவார்கள். எவ் (வீடு) பன்மையில் எவ்லெர், ஒகுல் (பள்ளி) பன்மையில் ஒகுல்லார். அது பயப்படுகிற அளவுக்கு இல்லை. பூக்கள், கற்கள் என்று புணர்ச்சி படித்த வாய்க்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

உச்சரிப்பில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். அவர்களுக்கு மேலே புள்ளியில்லாத ஆங்கில ஐ (ı) மாதிரி ஓர் எழுத்து இருக்கிறது. மற்ற நாட்டு மாணவர்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்வார்கள். வந்து, பாட்டு என்று சாதாரணமாகப் பேசும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருமே, நம் குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதேதான். நஷ்டம், நாம் இரண்டு உயிருக்கு நடுவே வரும் பகரத்தைத் தன்னையறியாமல் மெலிதாக்கிவிடுவது. துருக்கியில் கதவுக்கான சொல்லில் பகரம் வல்லோசை. அதை மெலிதாக்கினால் பாத்திரம் என்று அர்த்தமாகிவிடும். தமிழில் எழுதினால் இரண்டும் 'கபு'தான், உங்களுக்கு இங்கே பிரித்துக் காட்டக்கூட என்னால் முடியாது. குளிர்காலம் முழுக்க விடுதியில் 'பாத்திரத்தைச் சாத்தட்டுமா?' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் திருத்தவில்லை, எல்லோரும் மரியாதையாகச் சாத்தினார்கள்.

பெயிலானது பி2-இல், கேட்டல் தேர்வில். எழுத்தும் வாசிப்பும் நன்றாகவே போயின. ஆனால் பாடப்புத்தகத் துருக்கி வேறு, வாயில் வருவது வேறு. 'நெ யாபுயோர்சுன்', என்ன செய்கிறாய், என்று புத்தகம் சொல்லும். தெருவில் அது 'நாபுயோசுன்'. 'என்ன செய்கிறாய்' 'என்ன பண்றே' ஆகிறதே, அதுபோலத்தான். எழுத்து ஒன்று பேச்சு ஒன்று என்ற வாழ்க்கைக்குப் பிறவியிலேயே பழகிய நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். அறையில் ஆங்கிலம் பேசும் கூட்டத்தோடு இருந்ததுதான் காரணம். அடுத்த மாதமே கேட்டு வாங்கி, கெய்சேரி ஊர்க்காரர் ஒருவரின் அறைக்கு மாறினேன். நம் அண்ணா மாதிரி அவரை 'ஆபி' என்று கூப்பிட வேண்டும். டீ குடிக்கக் கூட்டிப்போவார், அவர் நண்பர்கள் ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள். ஆறு வாரத்தில் காது திறந்தது. நீங்கள் போன முதல் நாளே உள்ளூர் மாணவர் இருக்கும் அறையைக் கேளுங்கள்.

சி1 சான்றிதழ் கையில் வந்த பிறகும் முதல் விரிவுரையில் பாதி புரியவில்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். பேராசிரியரின் வாக்கியம் நம் அரசாணை மாதிரி நீண்டு, எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கி, வினைமுற்றுக்கு வந்துசேர ஒரு நிமிடம் பிடிக்கும். 'செய்கிறார்கள்' இல்லை, 'செய்யப்பட்டு வருகிறது'. அதைவிடப் பெரிய தலைவலி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல். 1928-இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். 1932-இல் மொழிக் கழகம் அமைத்து அரபு, பாரசீகச் சொற்களைக் களைய ஆரம்பித்தார்கள். பள்ளிக்கு மெக்தெப் போய் ஒகுல் வந்தது, மாணவருக்குத் தலெபெ போய் ஓரென்ஜி வந்தது. 1933-இல் இஸ்தான்புல்லில் 'தாருல்ஃபுனுன்' என்று இருந்தது 'பல்கலைக்கழகம்' என்ற பெயருக்கு மாறியது. நாம் சர்வகலாசாலையைப் பல்கலைக்கழகம் ஆக்கின மாதிரி. ஆனால் எல்லாப் பழைய சொல்லும் ஓய்வு பெறவில்லை. பதிலுக்கு ஜெவாப்பும் உண்டு, யானுத்தும் உண்டு. நிபந்தனைக்கு ஷார்த்தும் உண்டு, கொஷுலும் உண்டு. யார் எதைப் பயன்படுத்துகிறார் என்பதில் கொஞ்சம் அரசியலும் தெரியும். வரலாறு, சட்டம் என்றால் இரண்டு வரிசையும் கட்டாயம் வேண்டும். நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். பழைய வரிசையில் பாதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும்: ஜவாபு, ஷரத்து, மிராசு, கஜானா, பாக்கி. பஸ் அட்டையில் காசு தீர்ந்தால் கருவி 'பாக்கியே' போதவில்லை என்று சொல்லும், உடனே புரியும். வங்கியில் 'ஹவாலெ செய்யலாமா' என்று கேட்டால் பதற வேண்டாம், அது சட்டப்படியான சாதாரணப் பணமாற்றம். அப்புறம், 'வீஸெ' என்றால் விசாவும்தான், இடைத்தேர்வும்தான். 'என் வீஸெ போச்சு' என்று சக மாணவி அழுதபோது நான் தூதரகத்துக்குத் துணைக்கு வருவதாகச் சொன்னேன்.

முதல் பருவத்தைக் காப்பாற்றியது வளாக வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடை. சீனியர்களின் கையெழுத்துக் குறிப்புகள் அங்கே பிரதிக்குக் கிடைக்கும். ஆசிரியரை 'ஹொஜாம்' என்று கூப்பிடுங்கள், நம் 'சார்' மாதிரி யாருக்கும் பொருந்தும். அங்காராவில் சில வளாகங்களில் கேன்டீன்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சந்தேகம் கேட்கப் போனால் பெரும்பாலும் டீயும் கிடைக்கும்.

கிளம்புவதற்கு முன் ஊரிலிருந்தே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 29 எழுத்து, அதில் 8 உயிர், இரண்டு நாள் வேலை. எழுதியபடியே வாசிக்கலாம். யூனுஸ் எம்ரே நிறுவனம் இணையத்தில் இலவசப் பாடம் வைத்திருக்கிறது, ஏ2 வரை அதில் முடித்துவிடுங்கள். துருக்கித் தொடர்களின் ஒரு பகுதி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதைத் துருக்கி வசன வரியோடு இருபது இருபது நிமிடமாகப் பாருங்கள், ஆங்கில வரி போட்டால் கதைதான் மிஞ்சும். உங்கள் துறையின் கட்டுரைகளைத் துருக்கி விக்கிப்பீடியாவில் இப்போதே புரட்ட ஆரம்பியுங்கள். ஐந்து பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் நாற்பது சொற்கள்தான் உங்கள் முதல் பருவம்.

என்ன துறை என்று எழுதவில்லையே. கருத்தில் சொன்னால், அதற்கு எந்தச் சொல் வரிசை அதிகம் வேண்டியிருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.