பூட்டிய கதவும் ஆய்வாளரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொழிற்சாலை விபத்துகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், தொழிற்சாலைகளைச் சோதிக்க அரசு அனுப்பும் ஆய்வாளர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் பல ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஆய்வாளர் வரும் நாள் எங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அன்று மட்டும் பின்பக்கத்து அவசர வழிக் கதவு திறந்திருக்கும். அவர் மேலாளர் அறையில் அமர்ந்து, பதிவேடுகளில் கையெழுத்திட்டு, ஓர் உறையுடன் புறப்பட்டுப் போவார். இப்படிப்பட்டவர்களை இரு மடங்காக்கி என்ன பயன்? பொருள் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் தணிக்கையாளர்கள் இவர்களைவிட நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். ஆய்வை அவர்களிடமே விட்டுவிடலாமே? நாடுகள் கூடிச் செய்துகொள்ளும் உடன்படிக்கையால் எங்கள் கதவு திறந்துவிடுமா? இத்தனைக்கும் பிறகு, அந்தக் கதவைப் பற்றிப் புகார் எழுதலாமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரையும் உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டே கடிதத்தை வெளியிடுகிறேன். நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. எண்ணிக்கையைப் பற்றி மட்டும் பேசி நிறுத்தியது என் கட்டுரையின் குறைதான். வளர்ந்த தொழில்நாடுகளில் 10,000 தொழிலாளர்களுக்கு ஓர் ஆய்வாளர், மிகவும் பின்தங்கிய நாடுகளில் 40,000 பேருக்கு ஒருவர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் அளவுகோலைச் சொல்லியிருக்கிறது. அந்த அளவை எட்டிய பிறகும், வருகிறவர் மேலாளர் அறையைத் தாண்டவில்லை என்றால் தொழிலாளிக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் இதிலிருந்து ஆய்வே வேண்டாம் என்ற முடிவுக்கு நீங்கள் போகிறீர்கள். ஆய்வு ஒரு முறையான தொழிலாக, தனக்கென்று தேர்ச்சியும் நெறியும் பணிப் பாதுகாப்பும் உடையதாக ஆக வேண்டும் என்ற முடிவுக்கு நான் வருகிறேன்.

இந்தத் தொழில் பிறந்த விதமே அதைத்தான் காட்டுகிறது. பிரிட்டனில் 1802-ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலைகளைப் பார்வையிடும் பொறுப்பை அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் விட்டது. ஆலை முதலாளிகளோடு ஒன்றாகப் புழங்கிய அவர்களால் அந்தச் சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அரசிடம் சம்பளம் வாங்கி அரசுக்கே பதில் சொல்லும் ஆய்வாளர்களை முதன்முதலாக நியமித்தது. அவர்கள் நான்கே பேர். அவர்களுள் ஒருவரான லெனார்ட் ஹார்னர் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பணியில் இருந்தார். சாப்பாட்டு நேரத்திலிருந்து முதலாளிகள் சில நிமிடங்களை எப்படிக் களவாடினார்கள் என்பதை அந்த ஆய்வாளர்களின் அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. நான்கு பேரால் எல்லா ஆலைகளையும் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் ஊர்ச் செல்வாக்குக்குக் கட்டுப்படாத ஒருவர் உள்ளே போய்ப் பார்த்ததை எழுதி அச்சிட்டு நாட்டின் முன் வைக்க முடிந்தது என்பதே அதுவரை இல்லாத ஒன்று.

உடன்படிக்கையால் கதவு திறந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். 1947-இல் நிறைவேறிய தொழிலாளர் ஆய்வு உடன்படிக்கையை, அதாவது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் எண் உடன்படிக்கையை, உங்கள் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஏறத்தாழ 150 நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரான விதி அதில் இருக்கிறது. ஆய்வுக்கு உட்பட்ட எந்தப் பணியிடத்துக்குள்ளும் இரவோ பகலோ எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி நுழைய ஆய்வாளருக்கு உரிமை உண்டு. தொழிலாளியைத் தனியாக வைத்து விசாரிக்கலாம். தாம் ஆய்வு செய்யும் நிறுவனத்தில் அவருக்கு நேராகவோ மறைமுகமாகவோ எந்த ஆதாயமும் இருக்கக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 6-ஆம் விதி என்பது என் கருத்து: ஆட்சி மாறினாலும், வெளியிலிருந்து முறையற்ற நெருக்கடி வந்தாலும் அசையாத பணிப் பாதுகாப்பு ஆய்வாளருக்கு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் இடமாற்றம் செய்யப்படக்கூடிய ஒருவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது, நேர்மையின் முழு விலையையும் அவர் ஒருவர் தலையிலேயே ஏற்றுவதாகும். சிலர் அதையும் கொடுக்கிறார்கள். 2004 ஜனவரி 28 அன்று பிரேசிலின் உனாயி பகுதியில், பண்ணைகளை ஆய்வு செய்யச் சென்ற மூன்று தொழிலாளர் ஆய்வாளர்களும் அவர்களுடைய வாகன ஓட்டுநரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆய்வாளர்களைப் பற்றிப் பேசும்போது உறை வாங்குகிறவரோடு சேர்த்து இவர்களையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு மட்டும் போதாது, தேர்ச்சியும் வேண்டும். திறந்திருக்கும் கதவை யாரும் பார்த்துவிடலாம். அது நேற்றுவரை பூட்டிக் கிடந்தது என்பதைப் பார்க்கத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. கதவின் முன்னால் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்த தடம் தரையில் இருக்கும். மூன்று மாத வருகைப் பதிவு ஒரே பேனாவால் ஒரே அமர்வில் எழுதப்பட்டிருக்கும். அவசர வழி எங்கே என்று கேட்டால், பத்து ஆண்டுகள் வேலை பார்த்தவர் பதில் சொல்லும் முன் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்ப்பார். இவற்றைப் படிக்கத் தெரிந்தவரே ஆய்வாளர். எச்சரித்து விடுவதா, வழக்குத் தொடுப்பதா என்பதையும் 81-ஆம் உடன்படிக்கை அவருடைய முடிவுக்கே விட்டிருக்கிறது. தேர்ச்சியும் நெறியும் இல்லாதவர் கையில் அந்த விருப்புரிமையே பேரம் பேசும் சரக்காகிவிடும். அதனால்தான் 1972-இல் தொடங்கப்பட்ட சர்வதேசத் தொழிலாளர் ஆய்வுச் சங்கம் 2008-இல் ஆய்வாளர்களுக்கென்று உலகளாவிய நேர்மை நெறிமுறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. அறிவும் திறனும், நேர்மை, மரியாதை, நடுநிலை ஆகியவற்றோடு, சொந்த வாழ்க்கைக்கும் பணிக்கும் இடையே முரண் இல்லாமையும் அதில் இடம்பெற்றிருக்கிறது. நெறிமுறை அச்சிட்ட தாளாக மட்டும் இருந்தால் பயனில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். பணியில் சேர்க்கும்போது, பயிற்சியின்போது, பதவி உயர்வின்போது அதைக் கொண்டே ஒருவரை எடைபோட்டால்தான் அது உயிர்பெறும்.

வெளிநாட்டு நிறுவனங்களின் தணிக்கையாளர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் வெளியேறும் வழிகள் பூட்டப்பட்டிருந்தன, சன்னல்களில் கம்பிகள் இருந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பன்னாட்டுத் தரச் சான்றிதழ் ஒன்று அந்த ஆலைக்கு வழங்கப்பட்டிருந்தது. தனியார் தணிக்கையாளரின் கண் உங்கள் ஆய்வாளரின் கண்ணைவிடக் கூர்மையாக இருக்கலாம். ஆனால் வேலையை நிறுத்து என்று ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவருடைய அறிக்கை அதற்குப் பணம் கொடுத்தவருக்கே சொந்தம். டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்றே விரிசல்கள் தெரிந்துவிட்டன. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியே அனுப்பியது. ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஒரு நாள் இடைவெளியில் தேவைப்பட்டது, கட்டடத்தை மூடும் அதிகாரமும் துணிவும் உள்ள ஒருவர்.

ஆய்வை அடியோடு நீக்கிப் பார்த்த நாடும் உண்டு. ஜார்ஜியா 2006-இல் தன் தொழிலாளர் ஆய்வுத் துறையைக் கலைத்தது. முழு அதிகாரமுள்ள ஆய்வு அமைப்பு அங்கே மீண்டும் செயல்பட 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு வெறும் மாநாட்டுப் பேச்சு அல்ல என்பதைக் கடலில் காணலாம். ஒரு நாட்டின் கொடியைத் தாங்கி, இன்னொரு நாட்டவருக்குச் சொந்தமாகி, பல நாட்டு மாலுமிகளுடன் செல்லும் கப்பலை எந்த ஆய்வாளர் பார்ப்பது? 2006-இல் ஏற்கப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் போய்ச் சேரும் துறைமுகத்தின் நாட்டுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. மாலுமிகளின் நிலை ஆபத்தாக இருந்தால் கப்பலைப் புறப்பட விடாமல் தடுத்து வைக்கலாம். உடன்படிக்கையில் சேராத நாட்டின் கப்பலுக்கும் சலுகை கிடையாது. தரையில் ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் ஏற்படுத்திய தொழிலாளர் ஆணையம், பல நாட்டு ஆய்வாளர்கள் ஒரே வேளையில் ஒன்றிணைந்து ஆய்வு நடத்த உதவுகிறது. உங்கள் ஆலையின் பொருள் எல்லை தாண்டிப் போகிறது, அதற்கான கெடுவும் விலையும் எல்லைக்கு அப்பாலிருந்தே வருகின்றன. ஆய்வாளரின் அறிவும் தகவலும் மட்டும் எல்லையில் நின்றுவிட்டால், அவர் பாதிக் கதையைத்தான் பார்ப்பார்.

இனி உங்கள் புகார். எழுதுங்கள். எந்தக் கதவு, எந்தெந்த நாட்களில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் இருக்கிறது, அந்தத் தளத்தில் அப்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை மட்டும் குறியுங்கள். கருத்தோ கோபமோ வேண்டாம். புகார் கொடுத்தவர் யார் என்பதை முற்றிலும் இரகசியமாக வைப்பதும், புகாரின் பேரில்தான் வந்தோம் என்பதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் 81-ஆம் உடன்படிக்கையின் 15-ஆம் விதிப்படி ஆய்வாளரின் கடமைகள். கடிதத்தின் முதல் வரியிலேயே அந்த விதியைச் சுட்டிக்காட்டுங்கள். நீங்கள் பார்த்த அந்த ஆய்வாளருக்கு அனுப்பாமல் அவருக்கு மேலுள்ள அலுவலகத்துக்கு அனுப்புங்கள். உங்கள் ஆலையில் நீங்கள் நம்பும் தொழிற்சங்கம் இருந்தால், சங்கத்தின் பெயரிலேயே அனுப்பச் சொல்லுங்கள். அப்போது ஒருவரை மட்டும் தனியே பிடித்துப் பழிவாங்குவது கடினம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராமல், கதவு பூட்டியிருக்கும் நேரத்தில் வரும்படி கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்