டாலஸில் வாங்கிய தெர்மோஸ்டாட் நங்கநல்லூர் ஏசிக்கு ஒத்துவருமா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். டாலஸில் இருக்கும் மகன் ஊருக்கு வந்தபோது, நேரத்துக்கு ஏற்றபடி வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொள்ளக்கூடிய சுவர் தெர்மோஸ்டாட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் இரண்டு ஸ்பிளிட் ஏசி, இரண்டும் கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை. ராத்திரி 27-ல் வைத்தால் புழுக்கம், 23-ல் வைத்தால் கணவருக்கு இழுப்பு வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரில் பூஞ்சை வேறு. “எலக்ட்ரீஷியன் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து மாட்டித் தருகிறேன் என்கிறார். மாட்டலாமா? மாட்டினால் எந்த எண்ணில் வைக்க வேண்டும்?”

மாட்டாதீர்கள் அம்மா. எலக்ட்ரீஷியன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இது வயரைச் சேர்ப்பதோடு முடிகிற வேலை இல்லை. அமெரிக்காவில் பல வீடுகளில் வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம், டக்ட் என்ற பெரிய காற்றுக்குழாய் வழியாக எல்லா அறைக்கும் காற்று போகும். அந்த இயந்திரத்துக்கு ‘ஓடு’, ‘நில்’ என்று சொல்லும் வேலையைத் தெர்மோஸ்டாட் 24 வோல்ட் வயர்களில் செய்கிறது. முகப்பைக் கழற்றினால் ஆர், சி, ஒய், ஜி, டபிள்யூ என்று எழுத்துகள் தெரியும்: ஆரும் சியும் அதற்கு மின்சாரம் கொண்டுவருபவை, ஒய் கம்ப்ரஸருக்கு, ஜி ஃபேனுக்கு, டபிள்யூ குளிர்காலச் சூட்டுக்கு. உங்கள் ஸ்பிளிட் ஏசியில் இதெல்லாம் போய்ச் சேர இடமே கிடையாது. உள்ளே மாட்டியிருக்கும் பெட்டியின் போர்டு தானே வெப்பநிலையைப் பார்த்து, கம்ப்ரஸர் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று வெளிப்பெட்டிக்கு ஒரு சிக்னல் வயரில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஓடு, நில் என்ற இரண்டு சொல் மட்டும் தெரிந்த கருவி அந்தப் பேச்சுக்கு நடுவில் போய் நிற்க முடியாது. தப்பித்தவறி 230 வோல்ட் அதன் வயரில் ஏறிவிட்டால் கருவி கருகியே போகும்.

டிரான்ஸ்பார்மர் வைத்து 24 வோல்ட் கொடுத்து, அதிலிருந்து கான்டாக்டர் என்ற பெரிய மின் சுவிட்சை இயக்கி, வெளிப்பெட்டிக்குப் போகும் கரென்ட்டையே வெட்டி வெட்டி விடுவதுதான் அவர் மனதில் இருக்கும் வழி என்று நினைக்கிறேன். பள்ளிக்கரணையில் ஒரு வீட்டில் இப்படிச் செய்திருந்ததைப் போய்ப் பார்த்தேன். வெளிப்பெட்டி திடீர் திடீரென்று செத்துப்போனதும் உள்பெட்டி தகவல் வரவில்லை என்று எர்ரர் காட்டி நிற்கும், மறுபடி ஆன் செய்வார்கள், மறுபடி நிற்கும். நான்கு மாதத்தில் வெளிப்பெட்டி போர்டு போய்விட்டது, வயரில் கை வைத்திருந்ததால் வாரன்டியும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஆன செலவு எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிறது. அதனால் அந்தத் தெர்மோஸ்டாட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், மகன் அடுத்த முறை வரும்போது கொண்டுபோய் அங்கேயே மாட்டிக்கொள்ளட்டும்.

ஆனால் உங்கள் மகன் யோசித்த திசை சரியானது. சென்னையில் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு இல்லை, ஈரம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் அது எங்கே போகும்? தோலிலேயே நிற்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. அறைக்குள் 26 டிகிரி, 55 சதவீதம் வேண்டும் என்றால் அது 13 கிராமுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 34 கன மீட்டர் காற்று இருக்கும், அதாவது முதல் தடவையிலேயே 350 கிராமுக்கு மேல் தண்ணீரை ஏசி பிழிந்து எடுக்க வேண்டும், அதற்கப்புறம் கதவிடுக்கு வழியாக வருவது, இரண்டு பேர் மூச்சிலும் வியர்வையிலும் விடுவது என்று விடிய விடிய வந்துகொண்டே இருக்கும்.

ஏசி ஈரத்தை எடுப்பது அதன் ‘காயில்’ (உள்பெட்டிக்குள் இருக்கும் குளிர்விக்கும் சுருள்குழாய்) குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது மாதிரி, காயிலில் காற்று வியர்த்து, அந்தத் தண்ணீர் டிரெயின் பைப்பில் இறங்குகிறது. இப்போது நீங்கள் 27 வைக்கிறீர்கள். அறை 27-ஐத் தொட்டதும் கம்ப்ரஸர் தணிந்துவிடும் அல்லது நின்றுவிடும், காயில் சூடாகத் தொடங்கும், ஆனால் உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், காயிலில் ஒட்டியிருந்த ஈரத்தை அதுவே திரும்ப அறைக்குள் ஊதிவிடும். டிஸ்ப்ளேயில் 27 என்று அழகாகத் தெரியும், உங்களுக்குப் புழுங்கும். 23-ல் காயில் நன்றாகக் குளிர்வதால் ஈரம் போகிறது, ஆனால் குளிர்ந்த காற்று நேராக உங்கள் கணவர் மேல் விழுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழி தேட வேண்டும். அவருடைய இழுப்பைப் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள், என் பங்குக்கு நான் சொல்வது, காற்றுத் திசைமாற்றியை மேலே பார்த்தபடி வையுங்கள், ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள்.

முதல் வேலையாக ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்குங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மலிவான கருவி ஐந்து, பத்து சதவீதம் தப்பாகக் காட்டலாம், அதைச் சமையலறை உப்பை வைத்தே சரிபார்க்கலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள், கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடி எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், அது உப்பின் இயல்பு. கருவி 80 காட்டினால் இனி எப்போதும் ஐந்தைக் கழித்துப் படியுங்கள். இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள், தப்பான எண்ணை நம்பி எவ்வளவு நல்ல புரோகிராம் போட்டாலும் வீண்.

அடுத்தது, சுவர் தெர்மோஸ்டாட் செய்யும் வேலையை உங்கள் ஏசிக்குச் செய்து தரும் கருவி. ஏசி ரிமோட் மாதிரியே ஐ.ஆர். சிக்னல் அனுப்பும் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன, வைஃபையில் சேர்த்து போன் ஆப்பில் நேரம் பதியலாம். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டுக்கும் சென்சார் அதிலேயே இருக்க வேண்டும் (வெறும் ரிமோட் வேலை மட்டும் செய்வதும் விற்கிறது), ‘ஈரப்பதம் இவ்வளவுக்கு மேல் போனால் இதைச் செய்’ என்று விதி எழுத ஆப்பில் வசதி இருக்க வேண்டும். இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும், போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சேர்க்கும்போது தகராறு செய்யும். ஏசிக்கு நேர் பார்வையில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், ஏசிக் காற்று நேராகப் படாத, வெயில் விழும் சுவராகவும் இல்லாத இடத்தில் வையுங்கள். இன்னொன்று, ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் மோட், டிகிரி, ஃபேன் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அனுப்பும், அதனால் யாராவது பழைய ரிமோட்டில் ஏதாவது மாற்றினால் பல பெட்டிகளுக்கு அது தெரியாமலே போய்விடும். பதிந்த பிறகு பழைய ரிமோட்டை டிராயரில் போட்டுவிடுங்கள். டைமர் பிளக் வைத்து ஏசியின் கரென்ட்டை வெட்டுவது வேண்டாம், பள்ளிக்கரணை வீட்டின் கதை வேறு வழியில் திரும்ப வரும்.

சரி, எண்கள். படுக்கப் போவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால், ஒன்பதே முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள், 24 டிகிரி, ஃபேன் குறைந்த வேகம், கதவு மூடியிருக்கட்டும். ஃபேன் மெதுவாக ஓடினால் காற்று காயிலில் கூடுதல் நேரம் தங்கி நன்றாகப் பிழியப்படும். இந்த முக்கால் மணி நேரத்தில் ஈரத்தை எடுத்துவிட வேண்டும், நீங்கள் இன்னும் படுக்கவில்லை என்பதால் குளிர் யாரையும் தொந்தரவு செய்யாது. பத்தரைக்கு 26, கூடவே சீலிங் ஃபேன் மெதுவாக. இதற்கு மேல் நேரத்தை நம்பாதீர்கள், விதியை நம்புங்கள்: ஈரப்பதம் 62-ஐத் தாண்டினால் 25-க்கு இறங்கு, 55-க்கு வந்ததும் 26-க்குத் திரும்பு. இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஐந்து சதவீதமாவது இடைவெளி இருக்க வேண்டும், 60-ல் ஏறி 59-ல் இறங்கு என்று எழுதினால் ராத்திரி முழுக்க பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருக்கும். தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகள் 50-க்குக் கீழே பிழைக்கத் திணறும், ஆனால் இந்த ஊரில் ஸ்பிளிட் ஏசியை வைத்து 50-ஐத் துரத்தினால் மின் கட்டணம் தாங்காது. 55 போதும் என்பது என் தீர்மானம். கட்டணத்தைப் பற்றிச் சொல்வதென்றால், ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு, ஆக ஈரத்தை அடக்கிவிட்டு 26-ல் தூங்க முடிந்தால் 23-ஐ விட அது எவ்வளவோ மேல்.

காலையில் ஏசியை நிறுத்தும்போது காயில் நனைந்தே இருக்கும், அப்படியே விட்டால் ஊசிப்போன வாடை வரும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டு நிறுத்தும்படி பதியுங்கள். மூடிய அறையில் செய்தால் ராத்திரி எடுத்த ஈரத்தில் கொஞ்சம் உள்ளேயே திரும்பிவிடும்.

சாயங்காலக் கடற்காற்றைப் பற்றி ஒரு விஷயம், பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். கத்திரி வெயிலில் மத்தியானம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று இருக்கும்போது காற்றில் 15 கிராம் தண்ணீர்தான். அப்புறம் கடற்காற்று உள்ளே வந்து 33 டிகிரி, 70 சதவீதம் ஆனதும் அதுவே 25 கிராம். அப்பாடா என்று நாம் ஜன்னலைத் திறக்கிறோம், திறக்கவும் வேண்டும், பகலெல்லாம் மூடிக் கிடந்த வீட்டுக்கு அது தேவை. ஆனால் படுக்கையறை ஜன்னலை மட்டும் ஏழு மணிக்கெல்லாம் சாத்திவிடுங்கள், மெத்தையும் திரைச்சீலையும் குடித்துவைத்த ஈரத்தை எடுக்க ஏசிக்கு வெகு நேரம் பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேலே சொன்ன விதி தோற்றுப்போகும் நாட்கள் வரும். வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 95. நீங்கள் 26 என்று வைத்தால் ஏசிக்கு வேலையே இல்லை, அறை ஏற்கெனவே அதைவிடக் குளிர்ச்சி. ஈரப்பதம் மட்டும் 80-ல் நிற்கும். அந்த நாட்களுக்கு விதியை டிரை மோடுக்கு மாற்றுங்கள். அதில் ஃபேனை மெதுவாக வைத்துக் கம்ப்ரஸரை விட்டுவிட்டு ஓட்டும். பெரும்பாலான மாடல்களில் டிரை மோட் ஈரப்பதத்தை அளப்பதில்லை, அதனால் எப்போது தொடங்க, எப்போது நிறுத்த என்பதை உங்கள் பெட்டியின் சென்சார்தான் சொல்ல வேண்டும். அதிலும் குளிர் தாங்கவில்லை என்றால், காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்றைத் தனியாக வாங்கி 55-ல் வைப்பதுதான் நேர்மையான பதில். அறையைக் கொஞ்சம் சூடாக்கும், மழைநாளில் அது உங்கள் கணவருக்கு இதமாகவே இருக்கும்.

எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆப் கூட வேண்டாம். டிரெயின் பைப்புக்கு அடியில் பக்கெட் வைத்து, இப்போதைய முறையில் ஒரு ராத்திரி எவ்வளவு தண்ணீர் சேர்கிறது, புது முறையில் எவ்வளவு சேர்கிறது என்று லிட்டர் குவளையால் அளந்து பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு நாட்களை எடுத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் வில்லாக்களில் டக்ட் ஏசியும் 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டும் உள்ளவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மெனுவில் ஹியூமிடிஃபை, டீஹியூமிடிஃபை என்று இரண்டு இருக்கும், முதலாவது குளிர்நாட்டு வறண்ட காற்றுக்கு ஈரம் சேர்ப்பது, நமக்கு இரண்டாவது. ஃபேனை ‘ஆன்’-ல் விடாமல் ‘ஆட்டோ’வில் வையுங்கள். ஈரம் குறைய ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிர்விக்க அனுமதி கேட்கும், கொடுங்கள். ஃபாரன்ஹீட்டில் இருந்தால் 79 என்பது நம் 26.

கடைசியாக அந்தப் பூஞ்சைச் சுவர். ஒரு முழ நீள அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் இறுக ஒட்டி ஒரு நாள் விட்டு எடுங்கள். தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்தான் காரணம், மேலே சொன்னதெல்லாம் அதற்கு உதவும், அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் நகர்த்தி வையுங்கள், மழை நாளில் அந்த அறையில் துணி காயப்போடாதீர்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் அது ஓதம், மொட்டைமாடியிலிருந்தோ குளியலறைக் குழாயிலிருந்தோ இறங்குகிறது. அதற்கு ஏசியில் எந்த எண்ணும் கிடையாது அம்மா, ஐப்பசி மழைக்கு முன்னால் கொத்தனாரை வரச்சொல்லி மாடித் தளத்தையும் குழாயையும் பார்த்துவிடுங்கள்.