மல்கையில் மூன்று வாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளும் மருமகனும் கிளாஸ்கோவுக்கு வடக்கே மில்ன்காவி என்ற ஊரில் வாடகைக்கு இருக்கிறார்கள். செப்டம்பரில் நானும் மனைவியும் மூன்று வாரம் அங்கே தங்கப்போகிறோம். "இங்க பார்க்க ஒண்ணும் இல்லப்பா, அமைதியான ஊர், அவ்வளவுதான். சனி ஞாயிறு லாக் நெஸ்ஸுக்கும் எடின்பரோவுக்கும் கூட்டிட்டுப் போறோம்" என்கிறாள். வார நாட்களில் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். எங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்கு 66 வயது, இடது முழங்காலில் வலி உண்டு. சமதரையில் ஒன்றரை மணி நேரம் நடப்பேன். மனைவி என்னைவிட நன்றாக நடப்பாள். ஐந்து நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

கே., ஸ்ரீரங்கம்

அன்புள்ள கே.,

முதலில் ஊர்ப்பெயர். எழுத்துக்கூட்டி மில்ன்காவி என்று வாசித்தால் டிக்கெட் கொடுப்பவருக்கே ஒரு நொடி புரியாது. உள்ளூரில் 'மல்கை' என்பார்கள், அழுத்தம் 'கை'யில் விழும். சிலர் 'மில்கை' என்பதும் உண்டு.

ஊர் அமைதியானது என்று மகள் சொல்வது சரி. பார்க்க ஒன்றும் இல்லை என்பதை ஏற்க முடியாது. கிளாஸ்கோ மாநகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி வந்து சேர்வது மல்கையில். ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர் போகும் வெஸ்ட் ஹைலேண்ட் வே நடைபாதை புறப்படுவதும் அங்கேதான். இரண்டுக்கும் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். கார் இல்லாத ஒருவருக்கு இதைவிட வசதியான ஊர் அந்தப் பக்கத்தில் குறைவு.

முதல் வாரம் முழுக்க நீர்த்தேக்கங்களுக்கு மட்டும் போங்கள். ரயில் நிலையத்திலிருந்து இருபது இருபத்தைந்து நிமிடம் மெதுவான ஏற்றம். மேலே மக்டாக், கிரெய்க்மேடி என்று இரண்டு ஏரிகள் ஒட்டினாற்போல் இருக்கும். இரண்டையும் சுற்றி வர ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரை, கெட்டியான பாதை. உங்கள் முழங்காலுக்கு ஏற்றது. காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும் நாளில் கரைமேல் குளிர் தாங்காது, அன்று வேறு வேலை பாருங்கள்.

அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு நடந்தால் அந்த இடமே வேறாகத் தெரியும். 1832-லும், 1848–49-லும், மறுபடி 1853–54-லும் கிளாஸ்கோவில் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கிளைட் ஆற்று நீரையும் கிணறுகளையும் நம்பிப் பயனில்லை என்று நகரசபை முடிவு செய்து, மலைகளுக்கு நடுவே இருக்கும் கேட்ரின் ஏரியிலிருந்து கால்வாய் வெட்டியது. வடிவமைத்தவர் ஜான் ஃபிரெடெரிக் பேட்மன் என்ற பொறியாளர். சுமார் 26 மைல், அதில் பாதி அளவுக்குப் பாறையைக் குடைந்த சுரங்கம். வாட்டம் மைலுக்குப் பத்து அங்குலம்தான். பம்பு கிடையாது. கல்வேலை செய்தவர்கள் அந்தப் பத்து அங்குலத்தைச் சுரங்கத்தின் இருட்டிலும் தவறவிடாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். 1859 அக்டோபரில் விக்டோரியா அரசி திறந்துவைத்தார். 1866-ல் காலரா மறுபடி பிரிட்டனுக்கு வந்தபோது கிளாஸ்கோ பெருமளவு தப்பியது. மக்டாக் அந்தக் காலத்து ஏரி, கிரெய்க்மேடி 1890-களில் சேர்த்தது. மகள் வீட்டுச் சமையலறைக் குழாயிலும் இதே வழியில் வரும் நீர்தான் என்று நினைக்கிறேன். மிக மென்மையான நீர்: சோப்பு சீக்கிரம் நுரைக்கும், டிக்காஷன் சுத்தமாக இறங்கும். மென்னீர் ஈயத்தைக் கரைக்கும் என்பதால், வீடு மிகப் பழையதாக இருந்து குழாயும் மாற்றப்படாமல் இருந்தால், காலையில் முதல் தண்ணீரைச் சற்று ஓடவிட்டுப் பிடியுங்கள்.

இரண்டாவது வாரம் நடைபாதை. கடைத்தெருவில் ஒரு கருங்கல் தூண் நிற்கும், அதுதான் தொடக்கம். அங்கிருந்து இறங்கி அலண்டர் ஓடையை ஒட்டிப் போய், டிரம்க்ளாக் புல்வெளியைக் கடந்தால் மக்டாக் காடு, பழைய ஓக் மரங்கள். வழிகாட்டிக் கம்பங்களில் அறுகோணத்துக்குள் வெள்ளை நெருஞ்சிப்பூ வரைந்திருக்கும், அதைத் தொடர்ந்தால் போதும். காட்டுக்குள் பிரியும் கிளைப்பாதையில் ஏறினால் மக்டாக் கோட்டை. 14-ஆம் நூற்றாண்டில் கிரஹாம் குடும்பத்தார் கட்டியது, இன்று ஒரு கோபுரமும் சுவர்களும் மிச்சம். உங்கள் நடைக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காடும் கோட்டையும் அடங்கிய மக்டாக் பூங்காவின் வரவேற்பு மையத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். முழங்கால் மறுத்தால் மகளை மாலையில் காரோடு அங்கேயே வரச் சொல்லலாம்.

உங்கள் மனைவி ஒரு நாள் தனியாக மேலே போகட்டும். காட்டைத் தாண்டினால் கிரெய்காலியன் ஏரி. 1930-களில் கிளாஸ்கோவிலும் பக்கத்து ஊரான கிளைட்பேங்கிலும் வேலையிழந்த தொழிலாளர்கள் வார இறுதியில் நடந்துவந்து கூடிய இடம். அவர்கள் அணையாமல் காத்த நெருப்புக்கு அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அடுத்து கார்பெத் என்ற இடத்தில் நகரத்தார் வார இறுதியில் வந்து தங்கும் சிறு குடில்கள். 1941 மார்ச்சில் கிளைட்பேங்க் மீது குண்டு விழுந்தபோது குடும்பங்கள் ஓடிவந்து தங்கியது இங்கேதான். 2013-ல் குடில்காரர்களே சேர்ந்து அந்த நிலத்தை வாங்கினார்கள். அதன்பின் பாதை பள்ளத்தாக்கில் இறங்கி டம்கொய்ன் குன்றின் அடிவாரத்துக்குப் போகும். மொத்தம் சுமார் 11 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தார்ச்சாலையில் கிளாஸ்கோ பக்கம் பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. பேருந்து நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். டம்கொய்ன் குன்று 427 மீட்டர்தான் என்றாலும் செங்குத்தான புல்சரிவு. அவருக்குச் சரி, உங்களுக்கு வேண்டாம். ஏறிவிடுவீர்கள், இறங்கும்போது முழங்கால் போய்விடும்.

நம்மவர்கள் அங்கே சிரமப்படுவது பெரும்பாலும் உடையால். நமக்குப் பருத்திதான் பழக்கம். அங்கே நனைந்த பருத்தி காயவே காயாது, காற்றடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் இன்னும் மோசம். உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், அதன்மேல் மெல்லிய கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் தலைமூடி வைத்த மழைச்சட்டை. நடக்க ஆரம்பித்தவுடன் ஒன்றைக் கழற்றுங்கள், நின்றவுடன் போடுங்கள். வேர்த்து நனைந்தாலும் குளிர்தான். குடை கடைத்தெருவுக்கு மட்டும். செருப்பும் கேன்வாஸ் ஷூவும் டிரம்க்ளாக் சேற்றில் பத்து நிமிடம் தாங்காது. ஆழமான அடிப்பள்ளம் உள்ள நீர்புகாத ஷூவைக் கம்பளிக் காலுறை போட்டபடியே அளவு பார்த்து வாங்கி, முதல் வாரம் ஏரிக்கரையில் பழக்குங்கள். உங்களுக்கு இரண்டு ஊன்றுகோல் வேண்டும், ஒன்று போதாது. முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரம் வைத்து, இறக்கத்தில் சற்று நீட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உண்ணி. உயர்ந்த புல்லிலும் பெரணிப் புதரிலும் இருக்கும், எள்ளளவுகூட இருக்காது. வீடு திரும்பியதும் முழங்காலின் பின்பக்கம், தொடையிடுக்கு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, நெருப்பு காட்டுவது கூடாது. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயின் தடிப்பு 3 முதல் 30 நாளுக்குள் வரலாம், அதற்குள் நீங்கள் ஸ்ரீரங்கம் வந்துவிட்டிருக்கக்கூடும். வட்டமாகப் பரவும் சிவப்பைக் கண்டால், ஸ்காட்லாந்தில் உண்ணி கடித்தது என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் அரிதான நோய், அவருக்குச் சட்டென்று தோன்றாது.

வேலியும் கதவும் பார்த்துத் தயங்காதீர்கள். 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்போடு நடப்பவர் யாரும் பெரும்பாலான நிலங்களுக்குள் போகலாம். வீட்டுத் தோட்டமும் விதைத்த வயலும் விலக்கு. திறந்திருந்த கதவைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விடுங்கள். கன்றோடு மாடுகள் நின்றால் எட்டச் சுற்றிப் போங்கள். நம் ஊர் மாட்டைப் போல நினைத்து நெற்றியைத் தடவப் போகவே கூடாது.

மழை விடாத நாளுக்கு ரயிலில் இரண்டே நிறுத்தம் தள்ளி பேர்ஸ்டன். பாதை சில இடங்களில் ஒற்றைத் தடம், ஒரு வண்டி தாமதமானால் அடுத்ததும் தாமதமாகும், அவசரமில்லாத நேரம் பாருங்கள். பேர்ஸ்டனில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ரோமானியர் குளியலறையின் அடித்தளம் திறந்தவெளியில் கிடக்கிறது, கட்டணம் இல்லை. கி.பி. 142 வாக்கில் ரோமானியர் எல்லையாக எழுப்பிய அன்டோனைன் சுவரை ஒட்டிய கோட்டையைச் சேர்ந்தது. குளிர்ந்த அறை, வெந்நீர் அறை, தரைக்கடியில் சூடான காற்று ஓடிய இடம் எல்லாம் கல்லில் தெரியும். அங்கேயே கழிப்பறையும் உண்டு. அதன் கழிவு சேர்ந்த அகழி மண்ணை ஆராய்ந்தபோது கோதுமை, அத்திப்பழம், கசகசா இவற்றோடு கொத்தமல்லி விதையும் கிடைத்தது. உங்கள் மனைவிக்கு அதைச் சொல்லுங்கள்.

சனி ஞாயிறு பற்றி ஒரு வார்த்தை. லாக் நெஸ் போய்வரக் காரில் ஆறேழு மணி நேரம் ஆகும், உங்கள் முழங்கால் மடங்கியே கிடக்கும். அதற்குப் பதிலாகக் கேட்ரின் ஏரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் சொச்சம்தான். 1899-ல் மிதக்கவிட்ட 'சர் வால்டர் ஸ்காட்' நீராவிக் கப்பல் அன்று ஓடுகிறதா என்று முன்பே பார்த்துச் சீட்டு எடுத்துவிடுங்கள். மல்கைக் கரையில் மூன்று வாரம் நீங்கள் பார்த்த தண்ணீர் கிளம்பும் இடத்தை அன்று பார்க்கலாம்.