வரிசையில் நிற்க முடியாத பிள்ளையோடு தீம் பார்க் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, ஆட்டிசம் உண்டு. அமெரிக்காவில் டிஸ்னி வேர்ல்டும் யுனிவர்சலும் போக ஆசை. ஆனால் 10 நிமிடம் வரிசையில் நின்றாலே காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிடுகிறான். டிக்கெட் எடுக்கலாமா?

பதில்: தாராளமாக எடுங்கள். காத்திருப்பது வேறு, வரிசையில் நிற்பது வேறு. முன்னும் பின்னும் இடிக்கும் ஆட்கள், இரைச்சல், எப்போது முடியும் என்றே தெரியாத தவிப்பு, இவைதான் உங்கள் மகனைப் படுத்துகின்றன. அதனால் காத்திருக்கும் இடத்தை மாற்றித் தரும்படி கேளுங்கள்.

டிஸ்னியில் இதற்கு 'டிஸபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்' என்ற வசதி 2013-லிருந்து இருக்கிறது. 2024-ல் விதிகளை இறுக்கிவிட்டார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நெடுநேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கே இப்போது இது கிடைக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வீடியோ அழைப்பில் பதிவு செய்துவிடலாம். பையனும் அருகில் இருக்க வேண்டும். ஆட்டிசம் என்ற சொல்லோடு நிறுத்தாமல், பத்தாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று விவரியுங்கள். எனக்கு எழுதியதை அப்படியே சொன்னாலே புரிந்துவிடும்.

இதை உடனே ஏற்றிவிடும் பாஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பொது வரிசையில் 50 நிமிடம் ஆகும் என்றால், ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்வார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம், கழிப்பறைக்குப் போய்வரலாம். திரும்பி வந்ததும் குறுகிய வரிசை ஒன்று இருக்கும். அவனுக்குப் பிடித்த பொருளையும் சத்தம் குறைக்கும் ஹெட்போனையும் அந்த நேரத்துக்கென்று எடுத்து வையுங்கள்.

யுனிவர்சலில் நடைமுறை வேறு. இப்படிச் சலுகை தேவைப்படுவோருக்கு ஐபிசிசிஇஎஸ் (IBCCES) என்ற அமைப்பு தரும் அட்டைக்கு முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், குறைபாட்டுக்கான சான்றிதழும் கேட்பார்கள். கடைசி இரண்டு நாளுக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டிஸ்னியில் ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தைத் தள்ளுவண்டியை, சக்கர நாற்காலியாகக் கருதும் ஒரு டேக்கும் (அடையாளச் சீட்டு) கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் ஸ்ட்ரோலரோடே வரிசைக்குள் போகலாம். நடக்கச் சிரமப்படும் குழந்தைக்கு இது பெரிய உதவி. மேல்மூடியை இழுத்துவிட்டால் உங்கள் பையனுக்கும் ஒதுங்க ஓர் இடம்.

உயர வரம்பை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். காத்திருந்து, வாசலில் திருப்பி அனுப்பப்படுவது எந்தக் குழந்தைக்கும் தாங்காது. அவன் ஏற முடியாத ரைடு என்றால் ஒருவர் அவனோடு இருக்க, மற்றவர் போய்வந்ததும் ஆள் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாமவர் மறுபடி முழு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அப்புறம், இப்போதே வீட்டில் பழக்குங்கள். 'முதலில் காத்திருப்போம், பிறகு ரயில்' என்று இரண்டு படம், ஒரு மணல் கடிகாரம் போதும். 1 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

அங்கே போய் நடுவில் முடியாமல் போனால், அருகில் உள்ள ஊழியரிடம் சொல்லுங்கள், வெளியேற வழிகாட்டுவார். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவனைப் பிடித்து நிறுத்தி வைக்காதீர்கள்.